உள்ளூர் நிருபருக்கு ஆர்டிஐ: பத்து ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

தாலுகா நிருபராகச் சேர்ந்து ரொம்ப காலம் ஆகவில்லை. ஊராட்சி, பேரூராட்சி, குடிநீர், சாலை, குப்பை என்று ஊர்க்காரர்கள் தினமும் புலம்புகிற விஷயங்கள்தான் என் பகுதி. இந்த வேலையில் நான் அதிகம் பயன்படுத்துகிற சேவை, அரசு அலுவலக ஆவணங்களை மனு போட்டுக் கேட்டு வாங்க உதவும் தகவல் பெறும் உரிமைச் சட்டம், அதாவது ஆர்டிஐ. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் ஒரு பயனாளியாக இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

விலையில் குறை சொல்லவே முடியாது. மனுவுக்கு ரூ.10, அதை நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு ரூ.2. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, நிருபர் என்று அடையாள அட்டை காட்டவும் தேவையில்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தாண்டிவிட்டால் நகல்களை இலவசமாகவே தர வேண்டும். நம் தமிழ்நாடு 1997லேயே தனியாக ஒரு தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது, இந்தியாவிலேயே அதுதான் முதல். ஆனால் விதிவிலக்குகள் நிறைய இருந்தன. இன்று நம் கையில் இருப்பது 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம்.

பதிலின் தரம் பெரும்பாலும் கேள்வியைப் பொறுத்தது. "எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை" என்று கேட்டால் ஒன்றும் வராது, ஏனென்றால் ஆவணத்தில் இருப்பதைத்தான் தருவார்கள், விளக்கம் எழுதித் தர மாட்டார்கள். அதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட ஒரு வேலையின் எஸ்டிமேட், பணி ஆணை, எம்.புக் நகல் என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எம்.புக் என்பது பொறியாளர் வேலையை அளந்து நீளம், அகலம், கனம் என்று பதிவு செய்கிற புத்தகம், அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகிறது.

ஒரு பேவர் பிளாக் தெரு விஷயத்தில் இது எனக்கு நன்றாகப் புரிந்தது. எம்.புக் நகல் வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன், மறுமுனையை டீக்கடை அண்ணன் பிடித்துக்கொண்டார். புத்தகத்தில் இருந்த நீளம் தெருவில் இல்லை, டிரான்ஸ்பார்மரோடு கல் முடிந்துவிட்டது. அன்றே எழுதியிருந்தால் தலைப்பு பெரிதாக வந்திருக்கும். செயல் அலுவலரிடம் கேட்டேன், மீதி நீளம் பக்கத்துச் சந்தில் இதே வேலையில் போடப்பட்டது என்றார், போய்ப் பார்த்தால் கல் இருந்தது, அளவும் சரியாக இருந்தது. ஆனால் எஸ்டிமேட்டில் இருந்த வடிகால் அந்தச் சந்தில் எங்குமே இல்லை, மழைத் தண்ணீர் நேராக இரண்டு வீட்டு வாசலில் போய் நிற்கிறது. அதுதான் செய்தியானது. காகிதம், தெரு, அதிகாரியின் பதில் என்று மூன்றையும் பார்க்காமல் எழுதக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதிகம் பேர் பயன்படுத்தாத வசதி ஒன்று இருக்கிறது, கோப்பை நேரில் போய்ப் பார்வையிடலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. எந்தப் பக்கம் வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்யலாம், "மொத்தம் 600 பக்கம், பணம் கட்டுங்கள்" என்ற பதிலும் வராது.

சரி, குறைகள். நேரம்தான் பெரிய பிரச்சினை. பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் திருப்தி இல்லாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம் என்று நடைமுறை தெளிவாகவே இருக்கிறது. பதில் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு ரூ.250 வீதம் ரூ.25,000 வரை அபராதம் போடவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்தப் படி வரை போனால் செய்தி ஆறிவிடும். ஓர் அலுவலகத்தில் "தாங்கள் கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை" என்று ஒரே வரியில் எனக்குப் பதில் வந்தது. தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாளுக்குள் மனுவை அங்கே மாற்றிவிட வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது, அதை மேற்கோள் காட்டி மேல்முறையீடு எழுதிய பிறகுதான் வேலை நடந்தது.

இன்னொரு குறை எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்டிஐ சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே)வைத் திருத்தி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. பயனாளிகள் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் ஊராட்சிச் செய்தி எழுதவே முடியாது. பிரிவு 8(2), அதாவது பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்பது, இன்னும் இருக்கிறது. அதனால் பெயர்கள் கேட்கும் மனுவில் அந்தப் பொதுநலன் என்ன என்று இரண்டு வரி நாமாகவே எழுதிவிடுவது நல்லது.

அப்புறம், எல்லாவற்றுக்கும் மனு போடாதீர்கள். டெண்டர் விவரம் அரசின் இணையதளத்திலேயே கிடக்கிறது. கிராம சபையில் வரவு செலவைச் சத்தமாகப் படிக்கிறார்கள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் நோட்டோடு போய் உட்காருங்கள், அங்கே எழுந்து கேட்கும் பெண்களின் கேள்விகளில்தான் உங்கள் அடுத்த மனு இருக்கிறது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். முதல் மனுவை உங்கள் சொந்த வார்டில், கடைசியாக முடிந்த ஏதாவது ஒரு சின்ன வேலையைப் பற்றிப் போடுங்கள். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் 30 நாளை எண்ண வேண்டியிருக்கும்.