சீசன் நடுவே வந்த கோச்கள்: யார் வேலை எப்படி?

தாமஸ் டுகெல் லண்டன் கால்பந்து கிளப்பான செல்சீயின் பொறுப்பை ஏற்றது 2021 ஜனவரி 26. டிரான்ஸ்ஃபர் விண்டோ (கிளப்புகள் வீரர்களை வாங்க அனுமதிக்கப்பட்ட காலம்) மூட ஒரு வாரம்கூட இல்லை. புதிதாக ஒரு வீரரும் வரவில்லை. முந்தைய கோச் லாம்பார்டிடம் இருந்த அதே ஆட்கள், இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 9ஆவது இடம். மே 29 அன்று போர்ட்டோவில் அந்த ஆட்களே சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார்கள்.

ஒரு கோச்சை எடைபோட இப்படிப்பட்ட நியமனங்கள்தான் சரியான தராசு. கோடையில் வருபவருக்குப் புதிய வீரர்களும் வாரக்கணக்கில் பயிற்சியும் கிடைக்கும். அவர் ஜெயித்தால் அது அவர் வேலையா, கிளப்பின் பணமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். நடுவில் வருபவர் கையில் இருப்பது தோற்றுத் துவண்ட ஓர் அணியும், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே இரண்டு மூன்று பயிற்சி நாட்களும் மட்டுமே. முதல் டிரான்ஸ்ஃபர் விண்டோவுக்கு முன்பே என்ன மாறியது என்று பார்த்தால் போதும், ஆளின் தரம் தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடுதான் இங்கே சிலரைப் பார்க்கிறோம்.

டுகெலுக்கு முதல் ஆட்டம் மறுநாளே வந்தது, வுல்வ்ஸுடன். ஒரே ஒரு பயிற்சிக்குப் பிறகு மூன்று சென்டர் பேக்குகளுடன் (நடு டிஃபென்டர்கள்) இறங்கினார்: அஸ்பிலிகுவேட்டா, தியாகோ சில்வா, ருடிகர். விங்கரான (ஓரத்துத் தாக்குதல் வீரர்) ஹட்சன்-ஒடாயை வலது விங்பேக்காக, அதாவது ஓரம் முழுக்க ஏறி இறங்கும் ஆளாக, நிறுத்தினார். ஆட்டம் 0-0. ஆனால் அன்று போட்ட கோடுதான் மே மாதம் வரை போனது. பந்து செல்சீயிடம் இருக்கும்போதே மூன்று சென்டர் பேக்குகளும் அவர்களுக்கு முன்னால் இரண்டு மிட்ஃபீல்டர்களும் பின்னால் காவல் இருப்பார்கள். மற்ற ஐவர் தாக்கப் போவார்கள். பந்து பறிபோனால் எதிரணியின் கவுன்டர் அட்டாக் நேராக இந்த ஐவர் மேல் வந்து மோதும். லாம்பார்ட் காலத்தில் இரண்டு ஃபுல்பேக்குகளும் (ஓர டிஃபென்டர்கள்) ஒரே நேரத்தில் மேலே ஏறிவிட, பின்னால் திறந்து கிடந்த வெளி இதனால் அடைபட்டது. முதல் 14 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. வாங்கிய கோல் இரண்டு. ஓரங்கட்டப்பட்டிருந்த ருடிகர் அந்த சீசன் முடிவதற்குள் ஐரோப்பாவின் சிறந்த டிஃபென்டர்களில் ஒருவராகப் பேசப்பட்டார். வீரரை மாற்றாமல் அவர் நிற்கும் இடத்தை மாற்றி எடுத்த பலன் அது.

மான்செஸ்டர் சிட்டியுடன் நடந்த அந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் 42ஆவது நிமிடத்து கோலை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கோல்கீப்பர் மென்டி இடது ஓரத்தில் சில்வெல்லுக்குக் கொடுக்கிறார். சில்வெல் ஒரே தொடலில் மவுன்ட்டுக்கு. அதற்குள் வெர்னர் இடப்பக்கம் ஓடி சிட்டி டிஃபென்டர் ரூபன் டியாஸை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். நடுவில் திறந்த வாசல் வழியாக ஹாவெர்ட்ஸ் ஓட, மவுன்ட்டின் பாஸ் அவர் காலுக்குப் போகிறது. அந்த வாசலை மூட வேண்டிய டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் சிட்டியிடம் இல்லை. ரோட்ரி, ஃபெர்னான்டினோ இருவரையும் சிட்டி கோச் கார்டியோலா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். உலகின் தலைசிறந்த கோச் என்று நாமும் ஒப்புக்கொள்கிற ஒருவர், சீசனின் மிக முக்கியமான நாளில் தானே கட்டிய அமைப்பின் ஆணியைத் தானே பிடுங்கினார்.

டுகெலிடம் குறை: நீடிப்பு. மேலிடத்தோடு ஒத்துப்போவது அவருக்குக் கடினம். உரிமையாளர்கள் மாறிய சில மாதங்களில், 2022 செப்டம்பரில், செல்சீயை விட்டு அனுப்பப்பட்டார். ஆறு மாதத்தில் பலன் வேண்டும் என்கிற கிளப்புக்கு அவரைவிட நல்ல தேர்வு இல்லை. பத்தாண்டுத் திட்டம் வைத்திருக்கும் கிளப் வேறு ஆளைத் தேடட்டும்.

உனாய் எமெரி ஆஸ்டன் வில்லாவுக்கு வந்தது 2022 நவம்பர். முந்தைய கோச் ஜெரார்டின் கீழ் அணி ரெலிகேஷன் மண்டலத்தின் (கீழ் லீக்குக்கு இறக்கப்படும் கடைசி இடங்கள்) விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட்டை 3-1 என்று வென்றார்கள். சொந்த மைதானமான வில்லா பார்க்கில் லீக்கில் யுனைடெட்டை அவர்கள் வென்றது 1995க்குப் பிறகு அதுவே முதல் முறை. சீசன் முடிவில் 7ஆவது இடம், அடுத்த சீசனில் 4ஆவது.

எமெரியின் சரக்கு இரண்டு. ஒன்று, உயர்ந்த டிஃபென்ஸ் லைனும் ஆஃப்சைட் பொறியும்: டிஃபென்டர்கள் ஒன்றாக முன்னேறி, எதிரணித் தாக்குபவரைத் தங்களுக்குப் பின்னால், விதிக்குப் புறம்பான இடத்தில் சிக்கவைப்பது. பார்க்கச் சுலபமாகத் தெரியும், பழக்குவது மிகக் கடினம். எதிரணியில் பந்து வைத்திருப்பவர் தலை நிமிர்ந்து, யாருடைய நெருக்கடியும் இல்லாமல் நின்றால் நான்கு டிஃபென்டர்களும் உடனே பின்வாங்க வேண்டும். அவர் பந்தைப் பின்னால் தட்டினாலோ, குனிந்து பந்தைப் பார்த்தாலோ நால்வரும் ஒன்றாக முன்னேற வேண்டும். ஒரு ஃபுல்பேக் அரை மீட்டர் பின்தங்கினாலும் பொறி உடைந்துவிடும். மிட்ஃபீல்டர்கள் நெருக்கடி கொடுக்கத் தவறும் நாட்களில் இதே லைன் அணியைக் கவிழ்க்கும். வில்லா தோற்ற பல ஆட்டங்களில் கதை இதுதான். இன்னொன்று, ஆலி வாட்கின்ஸுக்கு அவர் கொடுத்த வேலை. ஓரங்களுக்கு ஓடி மூச்சைச் செலவழிக்காதே, கோல் போஸ்ட்டுகளின் அகலத்துக்குள் இரு என்பதுதான் சாரம். 2023-24 லீக்கில் அவர் 19 கோல் போட்டார், 13 கோலுக்கு வழி அமைத்தார்.

எமெரி சரிவராத இடமும் உண்டு. நீண்ட வீடியோ கூட்டங்களும் நுணுக்கமான அறிவுரைகளும் கற்கும் பசியுள்ள வீரர்களுக்கு உரம். நட்சத்திரங்கள் நிறைந்த அறையில் அதே முறை இறங்கவில்லை. பாரிஸில் அவருடைய முதல் சீசனில் லீக் பட்டம் மொனாக்கோவுக்குப் போனது, பார்சிலோனாவிடம் 6-1 தோல்வியும் வந்தது. செவில்லாவில் 3 யூரோப்பா லீக், வில்லாரியலில் 1 என்று வென்றவர் அவரே. நடுத்தர கிளப்புக்கு எமெரியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

சாபி அலோன்சோ 2022 அக்டோபரில் பேயர் லெவர்கூசனுக்கு வந்தபோது அணி ஜெர்மன் லீக்கான புண்டஸ்லிகாவில் 17ஆவது, அதாவது கடைசிக்கு முந்தைய இடம். முதல் ஆட்டத்தில் ஷால்க்கேயை 4-0 என்று வென்று, சீசனை 6ஆவதாக முடித்தார். கோடையில் கிரிமால்டோ, ஜாக்கா, போனிஃபேஸ், ஹோஃப்மன் வந்த பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது: 34 ஆட்டங்களில் 28 வெற்றி, 6 டிரா, 90 புள்ளி, தோல்வி இல்லை. வீரர்களை வாங்கிய விதத்தைக் கவனியுங்கள். 3-4-2-1 அமைப்பில் அகலம் முழுக்க விங்பேக்குகளின் பொறுப்பு. வலப்பக்கம் ஃபிரிம்பாங் ஏற்கெனவே இருந்தார், இடப்பக்கத்துக்கு மட்டும் ஆள் தேவை. அந்த இடத்துக்கு கிரிமால்டோ பென்ஃபிகாவிலிருந்து டிரான்ஸ்ஃபர் பணமே இல்லாமல் வந்தார். கோச்சின் பட்டியலும் கிளப்பின் பட்டியலும் ஒன்றாக இருந்தன. அந்த சீசனில் அவர்களைத் தடுத்தது ஒரே ஒரு ஆட்டம், டப்ளினில் யூரோப்பா லீக் ஃபைனல். கஸ்பெரினியின் அட்டலாண்டா மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள் ஒட்டி நின்று 3-0 என்று முடித்தது. பின்னாலிருந்து நிதானமாகப் பாஸ் போட்டு வரும் அணிக்கு ஆளுக்கு ஆள் மார்க்கிங்தான் கசப்பு மருந்து. நேராக ஓடி ஒருவரைத் தனியாகத் தாண்டக்கூடியவர் இல்லாவிட்டால் வழி அடைத்துவிடும்.

இதே மூன்று டிஃபென்டர் அமைப்பை ரூபன் அமோரிம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 2024 நவம்பரில் கொண்டுவந்தார். ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு 19 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வாங்கிக்கொடுத்த முறை அது. முறையில் கோளாறு இல்லை. ஆனால் அவர் வந்தபோது யுனைடெட்டில் விங்பேக் வேலைக்கு என்றே வளர்ந்த ஆள் ஒருவரும் இல்லை. டாலோ, மஸ்ராவி இருவரும் ஃபுல்பேக்குகள். ராஷ்ஃபோர்ட், கர்னாச்சோ போன்ற ஓர விங்கர்களுக்கோ இந்த அமைப்பில் இயல்பான இடமே கிடையாது. நடுவில் இரண்டு மிட்ஃபீல்டர்கள் மட்டும் நிற்க, எதிரணி மூவரை இறக்கினால் ஒருவர் எப்போதும் தனியாக விடப்படுவார். இப்படி வாரத்துக்கு வாரம் ஒரே ஓட்டையில் கோல் விழுந்தது. முடிவு 42 புள்ளி, 15ஆவது இடம். சீசன் முடிந்த பிறகு வரத்தான் விரும்பினேன் என்று அமோரிமே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். ஒரே அமைப்பில் உறுதியாக நிற்கும் கோச்சை நடுவில் அழைப்பது கிளப்பின் தவறு. ஆனால் இருக்கும் ஆட்களுக்கு ஏற்ப நான்கு மாதமாவது வளையாதது கோச்சின் தவறு. டுகெல் தன் ஆட்களைப் பார்த்து அமைப்பைத் தேர்ந்தார், அமோரிம் அமைப்பை முதலில் வைத்து ஆட்களைத் தேடினார். இரண்டு நியமனங்களுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

மிக்கெல் அர்டெட்டா இந்த இருவருக்கும் நடுவில். 2019 டிசம்பரில் ஆர்சனலுக்கு வந்து, பெரும்பாலும் இருந்தவர்களை வைத்தே பின்னால் ஒதுங்கி அடைத்து ஆடி, அதே சீசனின் எஃப்ஏ கோப்பையை வென்றார். லீக்கில் இரண்டு முறை 8ஆவது இடம் வந்தும் கிளப் அவரை நீக்கவில்லை. பிறகு 5, அப்புறம் தொடர்ந்து மூன்று முறை 2. 2021இல் அவர் சிட்டியிலிருந்து கூட்டிவந்த செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக் போன்றவை) கோச் நிக்கோலா ஜோவர் செய்த வேலை தனிக் கவனத்துக்கு உரியது. கார்னரை சாக்கா வலப்பக்கமிருந்து இடக்காலால் அடிப்பார், ரைஸ் இடப்பக்கமிருந்து வலக்காலால். இரண்டுமே கோலை நோக்கி வளையும். ஆறு பேர் தூரத்துப் போஸ்ட்டுக்கு வெளியே கொத்தாக நிற்பார்கள். பந்து காலை விட்டதும் கேப்ரியல் அந்தக் கொத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ஆறு கஜப் பெட்டிக்குள் ஓடுவார். கோல்கீப்பர் பந்துக்கு வரும் பாதையில் பென் ஒயிட் நிற்பார். மற்றவர்கள் டிஃபென்டர்களின் வழியை மறித்து நிற்பார்கள். அத்தனையும் வாராவாரம் ஒத்திகை பார்த்தது. செட் பீஸுக்குத் தனி ஆள் கேட்காத கோச்சை இன்று எந்த கிளப்பும் எடுக்கக் கூடாது.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2019-20 ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) ஆறு ஆட்டங்களுக்குப் பிறகு ஜான் கிரிகரி விலக, டிசம்பரில் ஓவன் கோயில் சென்னையின் எஃப்சிக்கு வந்தார். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி, சாங்தே எல்லோரும் ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள். பந்து கிடைத்ததும் முன்னால் போ என்று அவர்களை அவிழ்த்துவிட்டார். வால்ஸ்கிஸ் 15 கோல். அணி 4ஆவதாக முடித்து, அரையிறுதியில் கோவாவை மொத்தம் 6-5 என்று தாண்டி ஃபைனல் வரை போனது. அந்த 6-5 கோயிலின் பலத்தையும் பலவீனத்தையும் ஒன்றாகக் காட்டுகிறது. கோல் வரும், பின்பக்கக் கதவு திறந்தே இருக்கும். ஃபைனலில் கொல்கத்தா அணியான ஏடிகே 3-1 என்று வென்றது.

கார்டியோலாவை நடுவில் அழைப்பது வீண். 2016-17இல் சிட்டியில் அவருக்குக் கிடைத்த நான்கு ஃபுல்பேக்குகளும் 30 வயதைத் தாண்டியவர்கள், கோப்பையே இல்லை. 2017 கோடையில் வாக்கர், பெஞ்சமின் மென்டி, டனிலோ, எடர்சன் எல்லோரும் வந்த பிறகு 100 புள்ளி, 106 கோல். தேவையான ஆட்களையும் நேரத்தையும் கொடுத்தால் அவருக்கு நிகர் யாருமில்லை. ஒரு ஆள் போனால் ஆட்டம் காண்பதும் அந்த அமைப்பின் இயல்பே: 2024 செப்டம்பரில் ரோட்ரியின் முழங்கால் போன பிறகு, அந்த ஆண்டு முடிவதற்குள் 13 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி என்ற கட்டமும் வந்தது.

உங்கள் அணிக்குப் புது கோச் வந்தால் முதல் ஐந்து ஆட்டங்களில் ஸ்கோரை விட்டுவிட்டு வேறு சிலவற்றைப் பாருங்கள். பந்து பறிபோன அடுத்த ஐந்து நொடியில் எத்தனை பேர் பந்தை நோக்கி ஓடுகிறார்கள், எத்தனை பேர் கையை விரித்து நிற்கிறார்கள்? பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் இடைவெளி மைதானத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா? தொடர்ந்து இழுபடுகிறது என்றால் பிரஸ்ஸிங்கை (பந்தைப் பறிக்க முன்னேறி நெருக்கச் சொல்வது) முன்வரிசை மட்டும் கேட்டிருக்கிறது, டிஃபென்ஸ் கேட்கவில்லை. கோல் கிக்கில் முதல் மூன்று பாஸ்களுக்கு ஒரு வழக்கம் தெரிகிறதா? கோச் தன் கணிப்புத் தப்பியதை எத்தனை நிமிடத்தில் திருத்துகிறார்? ஆர்னே ஸ்லாட் லிவர்பூலில் தன் முதல் லீக் ஆட்டத்தில், இப்ஸ்விச்சுடன் 0-0 இருக்கும்போதே, மோதல்களில் தோற்றுக்கொண்டிருந்த குவான்சாவை இடைவேளையில் எடுத்து கொனாட்டேயை இறக்கினார். இரண்டாவது பாதியில் 2-0. இளம் வீரரின் மனம் நோகுமே என்று 70ஆவது நிமிடம் வரை காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அந்த சீசனில் களமிறக்க அவருக்குக் கிடைத்த புது ஆள் கியேசா ஒருவர்தான். அணி 84 புள்ளியுடன் பட்டம் வென்றது.

கடைசியாக, கூட வரும் உதவியாளர்கள். பயிற்சி மைதானத்தில் வேலையின் பெரும்பகுதி அவர்கள் கையில். பழைய ஆட்களை மொத்தமாகத் துடைத்தெறிபவரையும் யோசித்தே எடுக்க வேண்டும். எமெரி தன் ஆட்களை வில்லாவுக்குக் கூட்டிவந்தார். ஆனால் அவர் வருவதற்கு முன்பே அங்கே செட் பீஸ் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்டின் மெக்ஃபீயை அப்படியே வைத்துக்கொண்டார்.