திக்கி வாசிப்பவனும் கடகடவென வாசிப்பவளும்

ஈரோட்டுப் பக்கம் ஓர் ஐந்தாம் வகுப்பு என்று வையுங்கள். ஒருவன் ‘கொடுமுடி’யைக் ‘கெரடுமுடி’ என்கிறான். கொம்பு முன்னால், கால் பின்னால். அந்தக் கால் அவனுக்கு ‘ர’வாகத் தெரிகிறது. ஒரு வரியைக் கடப்பதற்குள் வியர்த்துவிடும். அதே பத்தியை நாம் வாசித்துக் காட்டினால் கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில் வரும். டிஸ்லெக்சியா பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: புத்தியில் குறையில்லை, எழுத்தை ஒலியோடு சேர்ப்பதில்தான் சிக்கல்.

இன்னொருத்தி தடங்கலே இல்லாமல் வாசிக்கிறாள்: “பவானி ஆறு கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது.” சரி கண்ணு, எது எதோடு கலக்குது? விழிக்கிறாள். நாம் வாசித்துக் காட்டினாலும் அதே விழிப்புதான். “நல்லாத்தானுங்க படிக்கறா” என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால், அதிகம் தவறவிடப்படுவது இவள்தான்.

1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்குதல் பெருக்கல் மொழிப்புரிதல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். அவனுக்கு முன்னது குறைவு, அவளுக்குப் பின்னது.

அவனுக்குத் தினமும் கொஞ்சம் எழுத்து-ஒலிப் பயிற்சி. அவளுக்கு அது வீண். பேச்சு, புதுச் சொற்கள், கதையைத் திருப்பிச் சொல்லவைப்பதுதான் உதவும். கண்ணும் காதும் சோதிப்பது இருவருக்கும் முதல் வேலை. இரண்டு சிக்கலும் சேர்ந்த பிள்ளைகளும் உண்டு.