டைரியா, போனா? ஆத்தங்குடிப் பட்டறையில் பத்து வருஷம்

ஆத்தங்குடியில் சின்னதாக ஒரு டைல்ஸ் பட்டறை நடத்துகிறேன். எங்கள் வேலையில் நேரம் என்றால் மணிக்கணக்கு இல்லை, நாள் கணக்கு. கண்ணாடி மேல் அச்சை வைத்து வர்ணத்தை ஊற்றி, உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவி, கலவை போட்டு அமுக்கி எடுத்தால் கல் தயார் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்டமே. ஒரு நாள் ஆற வேண்டும், எங்கள் பட்டறையில் மூன்று நாள் தொட்டித் தண்ணீரில் கிடக்க வேண்டும், அப்புறம் வெயில். ஒரே சமயத்தில் ஐந்து வீட்டு ஆர்டர் ஓடும். ஒன்று தொட்டியில், ஒன்று வெயிலில், ஒன்று அச்சில் இருக்கும். இதை மனசில் வைத்துக்கொண்டு சமாளித்தவர் அப்பா ஒருவர்தான். எனக்கு எழுதி வைத்தால்தான் ஆகும்.

2014இல் பட்டறை என் கைக்கு வந்ததிலிருந்து ஐந்து வருஷம் டைரி மட்டும்தான். வருஷக் கடைசியில் வங்கியிலோ நகைக்கடையிலோ இலவசமாகக் கொடுப்பார்களே, அதுதான். கல் போட்ட நாளில் வீட்டுப் பெயரை எழுதி, ஒரு பக்கம் தள்ளி 'தொட்டியில்', இன்னும் மூன்று பக்கம் தள்ளி 'தொட்டி எடுக்க' என்று குறிப்பேன். பக்கத்தைத் தள்ளுவதே கணக்கு. ஓரத்தில் பூ மாதிரியைக் கிறுக்கி வைக்கலாம், வாங்கிய முன்பணத்தை எழுதலாம். பழைய டைரியைப் புரட்டினால், போன ஐப்பசி மழையில் எந்த ஆர்டர் எத்தனை நாள் காயாமல் இழுத்தது என்பதும் தெரிந்துவிடும். இந்தப் புரட்டிப் பார்க்கிற வசதிக்கு ஈடாக இன்றுவரை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

டைரியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அது கூப்பிடாது. திறந்தால்தான் பேசும். 2017இல் தொட்டிக்குள் ஒரு தடவை விழுந்தது. ஜெல் பேனாவில் எழுதிய ஒரு வாரம் முழுக்க நீலக் கறையாகிப் போனது. பால்பாயின்டில் எழுதியது மட்டும் பிழைத்தது. அன்றிலிருந்து ஜெல் பேனாவைப் பட்டறைக்குள் விடுவதில்லை.

2019இல் போனுக்கு மாறினேன். கூகுள் காலண்டர். முதல் ஆறு மாதம் புது மாப்பிள்ளை கணக்காக எல்லாவற்றையும் அதில்தான் போட்டேன். தொட்டியிலிருந்து எடுக்க வேண்டிய நேரத்துக்கு மணி அடிக்கும். தம்பியின் போனிலும் அதே பட்டியல் தெரியும். வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள்; அவர்கள் காலை ஒன்பது மணிக்குப் பேசலாம் என்று அழைப்பு அனுப்பினால் என் போனில் தானாகவே ஆறரை என்று விழும். முன்பெல்லாம் இந்த இரண்டரை மணி நேரத்தைக் கூட்டுவதா கழிப்பதா என்று குழம்பி, பல் தேய்க்கும்போது போன் வந்து அசடு வழிந்திருக்கிறேன். 2021இல் போனும் அதே தொட்டியில் விழுந்து செத்தது. புதுப் போன் வாங்கி என் கணக்கில் உள்ளே போனதும் எல்லாத் தேதியும் அப்படியே வந்து நின்றன. டைரி விழுந்தபோது இந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் சிமென்ட் கையோடு போனைத் தொட முடியாது. விரல் பட்டதும் திரையின் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்துத்தான் தொடுதிரை தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஈரம் பட்டால் அதுவும் விரல் என்று நினைத்துக்கொள்ளும். கை கழுவித் துடைத்து, போனைத் திறந்து குறிப்பதற்குள் வாட்ஸாப்பில் யாராவது மாதிரிப் படம் அனுப்பியிருப்பார்கள். அதைப் பார்த்து, பதில் போட்டு, எதற்குத் திறந்தோம் என்பதே மறந்துவிடும்.

போனை மட்டும் நம்பியதற்கு நான் கொடுத்த பெரிய விலை 2025 தை மாதம். காரைக்குடிப் பக்கம் ஒரு வீடு, தை 20 கிரகப்பிரவேசம். எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்குத் தமிழ்த் தேதிதான் சொல்வார்கள். ஐப்பசியிலேயே சொல்லிவிட்டார்கள், புது டைரி இன்னும் வரவில்லை, போனில் போட்டேன். 2023, 2024 இரண்டு வருஷமும் தை முதல் தேதி ஜனவரி 15இல் வந்தது. அதே நினைப்பில் எண்ணி பிப்ரவரி 3 என்று குறித்தேன். 2025இல் தை பிறந்தது 14ஆம் தேதி. விசேஷம் பிப்ரவரி 2. இரண்டு நாள் முன்னதாக என்று நினைத்து, தரையை உமி போட்டுத் தேய்த்து எண்ணெய் தடவ ஆட்களை அனுப்பினால், அங்கே சமையல்காரர் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்! ராத்திரி பதினொன்று வரை தேய்த்தோம். போன் மேல் குற்றம் இல்லை, நான் கொடுத்ததைத்தான் அது வைத்திருந்தது. தமிழ்த் தேதி காட்டும் செயலிகளும் இருக்கின்றன. ஆனால் தேதி பார்க்க ஒன்று, மணி அடிக்க ஒன்று என்று இரண்டையும் திறந்து பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. டைரியில் இரண்டு தேதியும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கும்.

நடுவில் 2023இல் சித்தப்பா மகன் மின்-மை (இ-இங்க்) திரையுள்ள எழுதும் பலகை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்சாரத்தால் இடம் மாறி எழுத்தாகத் தெரியும். பிறகு அந்தப் பக்கத்தை அப்படியே காட்டி வைக்க மின்சாரம் வேண்டாம். அதனால் சார்ஜ் வாரக்கணக்கில் நின்றது, உச்சி வெயிலிலும் பளிச்சென்று தெரிந்தது. எழுதவும் சுகம். ஆனால் நான் எழுதியது படமாகத்தான் நின்றது. தேடவும் முடியவில்லை, மணியும் அடிக்கவில்லை. டைரியின் குறை அப்படியே இருக்க, விலை மட்டும் பல மடங்கு. நாலு மாதத்தில் மகளுக்குக் கோலம் போட்டுப் பழகக் கொடுத்துவிட்டேன்.

இப்போது இரண்டும் ஓடுகிறது. மணி சொல்லி நடக்க வேண்டியது, அதாவது போன் பேச்சு, லாரி வரும் நேரம், வங்கி வேலை, இவை மட்டும் போனில். கல் சம்பந்தப்பட்ட எல்லாமே டைரியில். காலையில் டீ குடிக்கிற நேரத்தில் டைரியைப் பார்த்து, அன்று தொட்டி எடுக்கிறது இருந்தால் போனில் அலாரம் வைத்துக்கொள்கிறேன். ஓசி டைரியையும் விட்டாயிற்று. சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்து ஒரே பக்கம் கொடுத்திருப்பார்கள், பட்டறைக்கு ஞாயிறு என்ன, திங்கள் என்ன? ஞாயிறுக்கும் முழுப் பக்கம் இருக்கிறதா, தமிழ்த் தேதி இருக்கிறதா என்று பார்த்துக் காசு கொடுத்து வாங்குகிறேன்.

போன கார்த்திகை தீபம் முடிந்து, கண்டனூரில் ஓர் ஆச்சி வீட்டில் இரண்டாம் கட்டுத் தரையில் உடைந்த கல்லை மாற்ற அளவெடுக்கப் போயிருந்தேன். எப்போது வேண்டும் என்று கேட்டேன்.

"நோன்புக்குள்ள முடிச்சுக் குடுத்துருங்க தம்பி. பதினாலு இழை எடுத்தாச்சு."

கார்த்திகை தீபத்திலிருந்து நாளுக்கு ஓர் இழையாகக் கோடி வேட்டியில் நூல் எடுத்து, 21ஆம் நாள் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. டைரியில் ஏழு பக்கம் தள்ளி 'ஆச்சி வீடு' என்று எழுதினேன். ஆற ஒரு நாள், தொட்டியில் மூன்று நாள். மீதி மூன்று நாளும் வெயில் அடிக்க வேண்டும். போனை எடுத்து வானிலையைப் பார்த்தேன். மூன்று நாளுக்கும் மேகப் படம்தான் போட்டிருந்தது.