பூட்சி: கண்டெய்னர் இமேஜிலிருந்து எழும் லினக்ஸ்

ஃபெடோரா லினக்ஸை பூட்சி (bootc: முழு இயங்குதளத்தையும் ஒரு கண்டெய்னர் இமேஜாக, அதாவது எல்லாக் கோப்புகளும் அடங்கிய ஒரே பொதியாக, நிறுவிப் புதுப்பிக்கும் கருவி) வழியாக ஓட்ட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது, பழைய முறைக்குத் திரும்பும் எண்ணமே இல்லை. இமேஜை எப்படி உருவாக்குவது என்று எழுதிவைக்கும் கண்டெய்னர்ஃபைலின் முதல் வரியில் ஃபெடோராவின் பூட்சி இமேஜ், அடுத்து எனக்கு வேண்டிய பேக்கேஜ்களுக்கு ஒரு டிஎன்எஃப் (ஃபெடோராவின் பேக்கேஜ் நிறுவும் கருவி) இன்ஸ்டால், அப்புறம் பாட்மேன் என்ற கண்டெய்னர் கருவியில் பில்டு செய்து ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ்களைச் சேமிக்கும் சர்வர்) ஏற்றிவிட்டால் 'பூட்சி அப்கிரேடு' அதை இறக்கித் தயாராக வைத்துக்கொள்ளும், ரீபூட் செய்தால்தான் மாறும். போன மாதம் நானே ஒரு கர்னல் மாட்யூலை (லினக்ஸின் மையத்தோடு சேரும் துணுக்கு) தப்பாகச் சேர்த்துத் திரை கறுத்துப்போனது. பூட் மெனுவில் பழைய இமேஜைத் தேர்ந்தெடுத்தேன், டீ ஆறுவதற்குள் சரியாகிவிட்டது. ஹோம் ஃபோல்டரில் ஒன்றும் போகவில்லை.

எரிச்சல் இல்லாமல் இல்லை. புரோகிராம்கள் இருக்கும் யூஎஸ்ஆர் (/usr) பகுதி ரீட்-ஒன்லி, அதனால் ஒரு சின்னக் கருவி நிரந்தரமாக வேண்டுமென்றாலும் மறுபடி பில்டு, மறுபடி ரீபூட். இமேஜ் லேயர்களாக, அதாவது அடுக்கடுக்காக இருப்பதால் அப்கிரேடு மாறிய லேயர்களை மட்டும்தான் இறக்கும், ஆனால் எல்லாப் பேக்கேஜையும் கண்டெய்னர்ஃபைலில் ஒரே வரியில் அடைத்தால் எல்லாம் ஒரே லேயராகி, ஒன்று மாறினாலும் அந்த லேயர் முழுவதும் திரும்ப வரும். மொபைல் டேட்டாவில் இதைச் செய்யாதீர்கள்.