கம்போடியா அநாதைப் பிள்ளைகளுக்குச் சபைக் காணிக்கை: இல்லத்துக்கா, குடும்பத்துக்கா?

கம்போடியாவில் 2005–2010 காலத்தில் அநாதை இல்லங்கள் பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார். பள்ளிச் செலவுக்கு வழியில்லாமல்தான் பெற்றோர் பலர் பிள்ளைகளை அங்கே விட்டுப்போனார்கள். வெளிநாட்டுக் காணிக்கை வருகிற இடத்தை நோக்கிப் பிள்ளைகள் நகர்ந்தார்கள்.

இல்லத்துக்குக் கொடுப்பது எளிது. கட்டடம் தெரியும், புகைப்படம் வரும், கணக்கும் ஓரிடத்தில் முடியும். ஆனால் பணம் காவலாளி, சமையல், வாடகை என்று கரையும். பராமரிப்பாளர் முறைவைத்து மாறுவதால் கைக்குழந்தைக்கு ஒட்டிக்கொள்ள ஒரு முகம் அமையாது. இதுதான் பெரிய இழப்பு. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன் இல்லத்தில் இருந்தவர்களைவிட மேம்பட்டது. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு நன்மை அதிகம்.

குடும்ப ஆதரவில் பாட்டிக்கோ சித்திக்கோ அரிசி, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு போகும். உள்ளூர்ச் சமூகப் பணியாளர் இல்லாவிட்டால் இது தோற்கும்: பணம் கடனுக்குப் போகும், பிள்ளை வேலைக்குப் போகும். ஆகவே பணியாளரின் சம்பளத்தையும் காணிக்கையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அதை வீண்செலவென்று வெட்டுவது தவறு. பிள்ளையை மட்டுமல்ல, வீட்டாரையும் தாங்க வேண்டும்: வேதாகமத்தில் யாக்கோபு 1:27 திக்கற்ற பிள்ளைகளோடு விதவைகளையும் சேர்த்தே சொல்கிறது.

எங்கள் தேர்வு குடும்பமே. ஏற்கெனவே இல்லத்தைத் தாங்கும் சபை திடீரென நிறுத்தக்கூடாது. பிள்ளைகள் தெருவுக்கு வருவார்கள். உறவினரைத் தேடி, வீட்டைப் பார்த்து, ஒவ்வொரு பிள்ளையாக அனுப்பும்வரை பணம் தொடரட்டும்.