உங்கள் டொமைன் வெப்சைட் போட்டுக் கொடுத்தவர் பெயரில் இருக்கிறதா? இன்றே பார்த்துவிடுங்கள்

வெப்சைட், அது இருக்க சர்வர் இடம் (ஹோஸ்டிங்), அதன் முகவரிப் பெயர் (டொமைன்), ஐந்து மெயில் ஐடி, எல்லாம் சேர்த்து ஒரே தொகை. சிறு வியாபாரிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த பேக்கேஜில்தான். முதல் வருடம் ஒன்றும் தெரியாது. தளம் ஓடும், மெயில் வரும், கடை போர்டு, பில் புத்தகம், பார்சல் கவர் எல்லாவற்றிலும் அந்தப் பெயர் ஏறிவிடும். இரண்டாவது அல்லது மூன்றாவது வருடம் ரினியூவல் பில் மூன்று மடங்காக வரும். கேட்டால் "சர்வர் ரேட் ஏறிடுச்சு சார்" என்பார் வெப்சைட் போட்டுக் கொடுத்த டிசைனர். "சரி தம்பி, வேற ஆளைப் பார்த்துக்கறேன், டொமைனைக் கொடுத்துடு" என்றால்தான் சங்கதி வெளியே வரும். பதிவு அவர் பெயரில், அவர் மெயிலில், அவர் போன் நம்பரில் இருக்கும். விடுவிக்க "டிரான்ஸ்ஃபர் சார்ஜ்" என்று வாய்க்கு வந்த தொகை. பேரம் படியாவிட்டால் தளமும் மெயிலும் ஒரே நாளில் நிற்கும்.

டொமைனை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. வருடக் கணக்கில் எடுக்கும் குத்தகைதான் அது. ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருடம். டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேடு வெரிசைன் நிறுவனத்திடம், டாட் இன் பெயர்களுடையது நிக்சி என்ற இந்திய அமைப்பிடம் இருக்கிறது. அதற்குக் கீழே பெயரைப் பதிந்து தரும் நிறுவனமான ரெஜிஸ்ட்ரார், அவருக்குக் கீழே அதை வாங்கி விற்கும் ரீசெல்லர். உங்கள் ஊர் டிசைனர் பெரும்பாலும் அந்த ரீசெல்லர், அல்லது அவரிடம் கணக்கு வைத்திருப்பவர். இத்தனை பேரில் பணம் கட்டியது யார் என்பது பதிவேட்டுக்குத் தெரியாது. 'ரெஜிஸ்ட்ரன்ட்' (உரிமையாளர்) என்ற இடத்தில் யார் பெயரும் மெயிலும் இருக்கிறதோ, டொமைன் அவருடையது.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். டொமைன் பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் லுக்கப் (தேடல்) பக்கத்தில் உங்கள் டொமைனைத் தட்டுங்கள். ரெஜிஸ்ட்ரார் பெயர், பதிவான தேதி, முடியும் தேதி, ஸ்டேட்டஸ், டொமைன் எந்த சர்வருக்குப் போகிறது என்று காட்டும் நேம்சர்வர் எல்லாம் வரும். 2018க்குப் பிறகு உரிமையாளர் பெயரைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள் என்பதால், பெயர் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். நிறுவனப் பெயரும் மாநிலமும் சில பதிவுகளில் தெரியும். அங்கே டிசைனரின் கம்பெனி இருந்தால் சந்தேகமே வேண்டாம். எதுவும் தெரியாவிட்டால் இன்னொரு வழி: டாட் காம் போன்றவற்றில், காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் உரிமையாளருக்கு ரெஜிஸ்ட்ரார் நினைவூட்டல் அனுப்பியே ஆக வேண்டும் என்பது ஐகேன் விதி. ஸ்பாம் பெட்டி உட்பட எங்கேயும் அது உங்களுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை என்றால், பதிவில் இருப்பது பெரும்பாலும் உங்கள் மெயில் அல்ல.

உறவு நன்றாக இருக்கும்போதே சரிசெய்துகொள்ளுங்கள். அதே ரெஜிஸ்ட்ராரிடம் உங்கள் பெயரில் இலவசமாக ஒரு கணக்கு திறந்து, "டொமைனை இதுக்கு புஷ் பண்ணுங்க" என்று டிசைனரிடம் சொல்லுங்கள். பல இடங்களில் அதற்குக் கட்டணமே கிடையாது. வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போவதென்றால் டிசைனர் டிரான்ஸ்ஃபர் பூட்டை எடுத்துவிட்டு, மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோடைத் தர வேண்டும். புதிதாகப் பதிந்த டாட் காம் பெயரை முதல் 60 நாளில் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாது. உரிமையாளர் பெயரை மாற்றினாலும் 60 நாள் பூட்டு விழலாம். அதனால் ரெஜிஸ்ட்ரார் மாற்றத்தை முதலில் முடித்து, பெயர் திருத்தத்தைப் பிறகு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பதிவில் உங்கள் பெயர்தான் இருக்கிறது, கோட் மட்டும் தர மறுக்கிறார் என்றால் அவரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. லுக்கப்பில் தெரியும் ரெஜிஸ்ட்ராருக்கே நேராக எழுதுங்கள். உரிமையாளர் கேட்ட 5 நாளுக்குள் ஆத் கோட் கிடைக்கச் செய்ய வேண்டியது அவர்கள் கடமை. கிடைக்காவிட்டால் ஐகேனிடம் புகார் செய்யலாம்; டாட் இன் என்றால் நிக்சியிடம்.

பெயரே உங்களுடையது இல்லை என்றால் நிலைமை மோசம். "நான்தான் பணம் கட்டினேன்" என்ற வாதத்தை ரெஜிஸ்ட்ரார் கேட்க மாட்டார், ஐகேனும் கேட்காது. பில்லில் "டொமைன் பதிவு" என்று தனி வரி இருந்தால் வக்கீல் நோட்டீசுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் அது உதவும். டிரேட்மார்க் இருந்தால் யுடிஆர்பி என்ற டொமைன் தகராறு விசாரணை வழி உண்டு, ஆனால் அதை நடத்தும் வைப்போ அமைப்பில் ஒரு நடுவர் விசாரிக்கவே 1500 டாலர் கட்டணம். டாட் இன் பெயர்களுக்கு அதே போன்ற ஐஎன்டிஆர்பி. இரண்டிலும் எதிராளியின் கெட்ட எண்ணத்தைக் காட்ட வேண்டியிருக்கும். சின்னக் கடைக்காரர்கள் பலர் இதைக் கணக்குப் பார்த்துவிட்டு, கேட்ட தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். டிசைனருக்கும் அந்தக் கணக்கு தெரியும்.

இன்னொரு பித்தலாட்டம் 'ரிடெம்ப்ஷன் ஃபீஸ்'. டொமைன் காலாவதியாகிவிட்டது, மீட்க இத்தனை ஆயிரம் என்பார்கள். அப்படியொரு கட்டணம் இருப்பது உண்மைதான். ஆனால் அது எப்போது வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். டாட் காம் காலாவதியானால், முதலில் 45 நாள் வரை சலுகைக் காலம் உண்டு. எத்தனை நாள் தருவது என்பது ரெஜிஸ்ட்ரார் விருப்பம். அதற்குள் கட்டினால் பொதுவாக சாதாரண ரினியூவல் தொகையோடு முடிந்துவிடும். டொமைன் நீக்கப்பட்ட பிறகுதான் 30 நாள் ரிடெம்ப்ஷன், மீட்புக் கட்டணம் பெரும்பாலும் அதில்தான். பிறகு 5 நாள் 'பெண்டிங் டிலீட்'. அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எடுக்கவென்றே மென்பொருள் ஓட்டிக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். யாராவது மீட்புக் கட்டணம் கேட்டால் லுக்கப்பில் ஸ்டேட்டஸ் வரியைப் பாருங்கள். 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்று அங்கே இல்லையென்றால், கேட்பது பொய்க் கட்டணமாக இருக்கலாம்; ரெஜிஸ்ட்ராரிடமே கேட்டுப் பாருங்கள். அதற்காக இன்னும் நாள் இருக்கிறதே என்று ஆறப்போடவும் கூடாது; சலுகைக் காலத்துக்குள்ளேயே பெயரை ஏலத்துக்கு விடும் ரெஜிஸ்ட்ரார்கள் உண்டு.

அதே ஸ்டேட்டஸ் வரியில் 'கிளையன்ட் ஹோல்ட்' என்று இருந்தால் ரெஜிஸ்ட்ராரே நிறுத்தி வைத்திருக்கிறார் என்று பொருள். புதிய தளம் மூன்றாவது வாரம் திடீரென்று செத்துப்போனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டாட் காம் பதிந்த 15 நாளுக்குள் மெயிலில் வரும் சரிபார்ப்பு லிங்கை அழுத்தாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். லிங்கை அழுத்தினால் சரியாகிவிடும். இதற்கும் "சர்வர் ரிப்பேர்" என்று பில் போடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. டாட் காமுக்கு வெரிசைன் ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பரில் வருடத்துக்கு 10.26 டாலர் ஆனது. 99 ரூபாய்க்குக் கொடுப்பவர் முதல் வருடம் கைநஷ்டத்தில் கொடுக்கிறார். அடுத்த வருடம் உங்களிடமே எடுப்பார். பணம் கட்டும் முன் ரினியூவல் விலையைப் பாருங்கள், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டுப் பாருங்கள். தானாகவே டிக் விழுந்திருக்கும் பிரைவசி (பெயரை மறைப்பது), எஸ்எஸ்எல் (தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ்), மெயில் பேக் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு தரும் எஸ்எஸ்எல் சான்றிதழ் இலவசம், பெரும்பாலான ஹோஸ்டிங்கில் அதுவே போதும்.

"சீனாவில் ஒரு கம்பெனி உங்கள் பெயரைப் பதியப் போகிறது, உடனே பதில் போடுங்கள்" என்று வரும் மெயில், "சர்ச் என்ஜின் பதிவு காலாவதி" என்று பில் வடிவில் வரும் மெயில், இரண்டையும் குப்பையில் போடுங்கள்.

பெயர் தேர்வில் நம் ஆட்கள் வழுக்கும் இடம் எழுத்துக்கூட்டல். 'வாழை' என்ற ஒரே சொல்லை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக அடிப்பார்கள். ழகரமும் நெடிலும் படுத்தும் பாடு. நாலு பேரிடம் போனில் பெயரைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். அதிகம் பேர் அடிப்பதை வைத்துக்கொண்டு, அடுத்ததையும் வாங்கி முதலாவதற்குத் திருப்பிவிடுங்கள். முடிவு செய்த பெயர் முன்பு யாரிடமாவது இருந்ததா என்று, பழைய தளங்களின் படிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பாருங்கள். சூதாட்டத் தளம் ஓடிய பெயரென்றால் கூகுளிலும் மெயிலிலும் அதன் பாவம் உங்கள் தலையில் விழலாம்.

பதிவை நீங்களே, உங்கள் சொந்த ஜிமெயிலில் செய்யுங்கள். அதே டொமைனில் இருக்கும் மெயிலைக் கொடுத்தால், டொமைன் காலாவதியாகி நின்றால் அந்த மெயிலும் நிற்கும். பாஸ்வேர்டை மீட்கும் லிங்க் வராது. டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) கட்டாயம். ஆட்டோ ரினியூவலை மட்டும் நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கியின் ஆட்டோ டெபிட் விதிகள் 2021 அக்டோபரில் வந்தபின், வெளிநாட்டு ரெஜிஸ்ட்ராரிடம் இந்தியக் கார்டு அடிக்கடி தோற்றுப்போகிறது. மூன்று வருடம் சேர்த்துக் கட்டிவிட்டு, காலண்டரில் இரண்டு மாதம் முன்பே குறித்துவையுங்கள்.

டிசைனருக்கு பாஸ்வேர்ட் தேவையே இல்லை. அவர் ஹோஸ்டிங்கின் இரண்டு நேம்சர்வர் பெயர்களை வாங்கி நீங்களே போட்டுவிடலாம். பழைய ஆளிடமிருந்து பிரியும்போது, நேம்சர்வரை மாற்றுவதற்கு முன்பே தளமும் மெயிலும் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பக்கத்தில் இருக்கும் ஏ, எம்எக்ஸ், டெக்ஸ்ட் வரிகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மெயிலுக்கான எம்எக்ஸ் வரி விட்டுப்போனால், தளம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்டர் மெயில் மட்டும் வராமல் போகும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரமாவது ஆகும்.