மணாலி பனிச்சறுக்கு என்று காசு கட்ட முன்னம்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மறுபடியும் அந்த நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மணாலி, பனி, ஒரு நாள் முழுக்க வழிகாட்டியோடு மலையில் சறுக்கல் என்று போட்டு, சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் சரிவில் பாய்ந்து வருகிற படம். காசு கட்ட யோசிப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் கட்டுங்கள். நாங்கள் அப்படிக் கட்டிப் போய் ஏமாந்து வந்தவர்கள். அந்தப் பயண முகவர் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. விஷயம், நீதிமன்றம் போகாமல் பிணக்குத் தீர்க்கிற மத்தியஸ்த சபையில் இன்னும் முடியவில்லை. பெயரை விட அவர்கள் செய்கிற வேலையின் விதம் தெரிந்தால் உங்களுக்கு அதிகம் உதவும்.

வன்னியில் பனி பார்க்கிற ஆசை எங்கேயிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. முக்கால்வாசி வீட்டில் யாரோ ஒருவர் சுவிஸிலோ கனடாவிலோ இருக்கிறார். என் அக்காவின் மகன் பேர்னில். மார்கழி தொடங்கினால் அவன் சறுக்கிற வீடியோக்கள் குடும்பக் குழுவில் வரிசையாக வரும். அங்கே போக விசா எடுப்பது எங்களுக்கு நடக்கிற காரியமில்லை. மணாலி இருக்கிற இந்தியா என்றால் இணையத்திலேயே விசா, பலாலியில் விமானம் ஏறினால் சென்னை. கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

சுற்றுலாவுக்குத் தலைக்கு 295,000 ரூபாய். பனிச்சறுக்குக்கு மேலதிகமாக ஆளுக்கு 28,000. அது ஏன் தனியாக என்று என் கணவர் கேட்டபோது கடைத் தம்பி விரல் மடக்கிச் சொன்னார்: ஸ்கீ (காலில் பூட்டிச் சறுக்குகிற நீளப் பலகை), அதற்குரிய சப்பாத்து, ஹெல்மெட், பழக்கிவிட ஒரு ஆள், காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் நாலு மட்டும் பனியில், மத்தியானச் சாப்பாடு. "அண்ணை, நீங்கள் கையை வீசிக்கொண்டு போனால் காணும்." இதையே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் அனுப்பினார். பற்றுச்சீட்டில் இருந்தது "மணாலி டூர், முழுப்பணம் பெறப்பட்டது" என்ற ஒரே வரிதான். என் மகன், இவர், தங்கையின் மகள் ஆகியோருக்குச் சறுக்கல் காசும் சேர்த்துக் கட்டினோம்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு புறப்பட்டோம். டெல்லியிலிருந்து மணாலி ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், இரவு முழுக்க பஸ். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, விடுதியும் பரவாயில்லை. பிசகினது சறுக்கல் நாளில்.

ஒன்பது மணி வாகனம் பத்தரைக்கு வந்தது. வழிகாட்டி எங்கே என்று கேட்டால் சாரதி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஊர் தாண்டினதும் பாதையின் இரண்டு பக்கமும் குளிர் உடுப்பு வாடகைக் கடைகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் பெரிய எழுத்தில் இலக்கம். அத்தனை கடை இருக்க எங்கள் வாகனம் ஒரு குறிப்பிட்ட இலக்கத்துக்கு முன்னால்தான் நின்றது. மேலங்கியும் கம் பூட்ஸும் சேர்த்து வாடகை தலைக்கு 400 இந்திய ரூபாய், அதைவிட வைப்புப் பணம். கையுறையும் காலுறையும் வாடகைக்கு இல்லை, விலைக்குத்தான். எங்கள் காசில் இதெல்லாம் எவ்வளவு என்று அறிய ஏறக்குறைய மூன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். எல்லாம் உட்பட என்றீர்களே என்று வவுனியாவுக்கு அழைத்தால், "அக்கா, ஸ்கீ சாமான்தான் உட்பட, உடுப்பு இல்லை" என்று பதில். சரி, போகட்டும்.

ஒன்று செய்தோம், அது உதவியது. எனக்குத் தந்த அங்கியில் முழங்காலுக்குப் பக்கத்தில் பழைய கிழிசல் ஒன்று இருந்தது. தங்கையின் மகள் கடைக்குள்ளேயே வைத்து அதைப் படம் எடுத்துவிட்டாள். பின்னேரம் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் அதே கிழிசலில் விரலை விட்டு 500 கேட்டார். படத்தைக் காட்டினோம். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வைப்புப் பணத்தை முழுதாகத் தந்தார். கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு நேர்மை இருந்தது.

அங்கிருந்து கொஞ்சத் தூரம் போனதும் நேரு குண்ட் என்ற இடத்தில் பொலிஸ் மறித்தது. இரவு பனி கொட்டியிருந்தால் அதற்கு மேலே நாலு சில்லும் இழுக்கிற வாகனங்களை மட்டும்தான் விடுவார்கள். இதில் பொலிஸைக் குற்றம் சொல்ல முடியாது. சாதாரண கார் ஒன்று குறுக்காக வழுக்கி நின்றதை எங்கள் கண்ணால் பார்த்தோம். ஆனால் குளிர்காலத்தில் அடிக்கடி நடக்கிற இந்த விஷயம் மணாலி டூர் விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்காது. மாற்று வாகனத்துக்கு 3,500 இந்திய ரூபாய், எங்கள் கையிலிருந்து.

சறுக்கல் நடக்கிற சோலங் பள்ளத்தாக்கு மணாலியிலிருந்து வெறும் 13 கிலோமீட்டர் அளவுதான். போய்ச் சேர மத்தியானம் கடந்துவிட்டது. வற்றாப்பளைப் பொங்கலன்று கோயில் வாசலில் நிற்கிற சனம் அந்தச் சரிவில் நின்றது. சறுக்கல், டயர், யாக் மாடு, குதிரை, படம் எடுக்கிறவர்கள் எல்லாம் ஒரே இடத்தில். தோளில் ஸ்கீயோடு ஒரு பெடியன் வந்து கால் மணித்தியாலத்துக்கு 1,000 என்றான். ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்று மகன் ஆங்கிலத்தில் சொல்ல, யாரிடம் என்று கேட்டான்.

அப்போதுதான் சாரதி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மகனிடம் நீட்டினார். டெல்லி முகவரிடமிருந்து அவருக்கு வந்த பணித்தாள். எங்கள் பெயர்கள், விடுதி, வாகன இலக்கம், அதற்குக் கீழே அன்றைய வேலை: சோலங், பார்வையிடல், அரை நாள். ஸ்கீ இல்லை. பழக்க ஆள் இல்லை. சாப்பாடு இல்லை. வவுனியாவில் நாங்கள் கட்டிய சறுக்கல் காசு கடலைத் தாண்டவே இல்லை. "நான் இதில் உள்ளதைத்தான் செய்யலாம்" என்றார். கடைகளில் தனக்குத் தரகு உண்டு என்பதையும் அவரே ஒளிக்காமல் சொன்னார். நாள் சம்பளம் அவ்வளவு குறைவாம்.

வவுனியாவுக்கு அழைத்தோம். சென்னையில் தங்களோடு சேர்ந்து வேலை செய்கிற முகவரிடம் கேட்கச் சொன்னார்கள். சென்னைக்காரர் டெல்லியைக் கைகாட்டினார். டெல்லி இலக்கம் அடித்துக்கொண்டே இருந்தது. இவ்வளவு தூரம் வந்து பிள்ளைகளைச் சும்மா கூட்டிக்கொண்டு போக மனமில்லாமல் பெடியன்களுக்கு மறுபடியும் காசு கொடுத்தோம்.

தங்கையின் மகளுக்குக் கொடுத்த சப்பாத்து அவளுடைய காலை விடப் பெரிது. நாலு கொளுக்கியில் ஒன்று இல்லை, அந்த இடத்தில் நீல நைலோன் கயிறு. ஹெல்மெட் கேட்டதற்கு இது சின்னச் சரிவு என்றார்கள். பெடியன் அவளுக்கு எதிரே நின்று ஸ்கீயின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தான். பத்துப் பதினைந்து மீற்றர். படக்காரர் வந்து கிளிக்கினார். மறுபடி மேலே ஏறி இன்னொரு தடவை. எப்படி நிற்பாட்டுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. மூன்றாம் முறை பெடியன் கையை விட்டான். அவள் போய் ஒரு குடும்பத்துக்கு நடுவில் விழுந்தாள். ஸ்கீ கழரவில்லை. கால் ஒரு பக்கம், ஸ்கீ மறு பக்கம். முழங்கால் வீங்கி, டெல்லி வரைக்கும் காலை என் மடியில் நீட்டிக்கொண்டுதான் வந்தாள்.

அவள் விழுந்த வீடியோவைப் பேர்னில் இருக்கிற அக்காவின் மகனுக்கு அனுப்பினோம். அவன் கேட்ட முதல் கேள்வி: "சித்தி, உந்த பைண்டிங்கை ஆர் செற் பண்ணினது?" பைண்டிங் என்பது சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டுகிற கொளுவி. விழும்போது அது தானாகக் கழர வேண்டும். எவ்வளவு விசையில் கழர வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. நிறை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், பழகினவரா புதியவரா என்பதை எல்லாம் கேட்டுத்தான் அங்கே வாடகைக் கடையில் அதைத் திருகி வைப்பார்களாம். இறுக்கமாக இருந்தால் ஸ்கீ காலோடேயே நின்று முழங்காலை முறுக்கும். தளர்வாக இருந்தால் சும்மா போகும்போதே கழன்று விழுத்தும். எங்களிடம் யாரும் நிறையைக் கூடக் கேட்கவில்லை. சப்பாத்துக்குள் பெருவிரல் முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும், குதிக்கால் எழும்பக்கூடாது. முதல் மணித்தியாலத்தில் ஒழுங்கான ஆசிரியர் சரிவுக்கே கூட்டிக்கொண்டு போக மாட்டாராம். சமதரையில் ஒற்றை ஸ்கீயோடு நடக்க, விழ, விழுந்து எழும்ப, பிறகு ஸ்கீ நுனிகளைக் கிட்டக் கொண்டுவந்து பின்பக்கத்தை அகட்டி நிற்பாட்டப் பழக்குவார். நிற்பாட்டத் தெரிந்த பிறகுதான் மேலே.

காப்புறுதி இருக்கிறது என்றும் கடையில் சொல்லியிருந்தார்கள். பத்திரத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால், குளிர்கால விளையாட்டுகளில் படும் காயம் சேராது என்று உள்ளே ஒரு வரி. பயணக் காப்புறுதி பலதில் இது தனியாகக் காசு கட்டிச் சேர்க்கிற விஷயம். சறுக்கலை விற்கிறவர் சறுக்கல் சேராத காப்புறுதியைக் கொடுக்கிறார் என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

இன்னொரு சின்ன விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கண்ணாடியும் முகத்துக்குப் பூசுகிற களிம்பும் ஊரிலிருந்தே கொண்டு போங்கள். புதுப் பனி புற ஊதாக் கதிரில் எண்பது வீதம் வரை திருப்பி அடிக்கும். வயல் வெயிலில் நிற்கிற இவருக்கே மூக்கு உரிந்துவிட்டது.

மணாலியையோ சோலங்கையோ நான் குறை சொல்லவில்லை. ஒழுங்காகப் பழக்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். மணாலியிலேயே அரசாங்கத்தின் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, வாஜ்பாயின் பெயரில். குளிர்காலத்தில் சறுக்கல் வகுப்பு நடத்துகிறார்கள். அது நாள்கணக்கில் போகிற வகுப்பு, எங்களைப் போல வந்து போகிறவர்களுக்குச் சரிவராது. ஆனால் ஒரே நாளில் மலையில் சறுக்க வைக்கிறோம் என்கிற பேச்சை எடைபோட அது ஒரு அளவுகோல்.

அதே நோட்டீஸில் "ரோதாங் கணவாய்" என்றும் போட்டிருக்கிறார்கள். தை மாதத்தில் யாராவது ரோதாங் என்று சொன்னால் கதையை அங்கேயே நிறுத்திவிட்டு எழும்பி வாருங்கள். 3,978 மீற்றர் உயரத்தில் இருக்கிற அந்தக் கணவாய் குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக்கிடக்கும். திறந்திருக்கிற மாதங்களில் கூட அனுமதிச் சீட்டோடு ஒரு நாளைக்கு 1,200 வாகனம்தான். 2020 ஒக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை அந்த மலைக்குக் கீழே ஒன்பது கிலோமீற்றர் குடைந்து போகிறது. கணவாய்க்கு அடியால் போய் வருவதைக் கணவாய்க்குப் போய் வருவதாக விற்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் என்று நிறையப் பேர் நீள நீளமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் முக்கியமாகப் படுகிறது. அங்கே உங்களை ஏற்றப்போகிற சாரதியின் கைக்கு என்ன தாள் போகிறது என்று கேளுங்கள். அதன் பிரதியைக் காசு கட்ட முன்னமே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். சறுக்கல் எந்த இடத்தில், எத்தனை மணித்தியாலம், பழக்குகிறவர் யார், சாமான் யாருடையது, பாதை மூடினால் மாற்று வாகனக் காசு யாருடையது என்பது அந்தத் தாளில் இருந்தால்தான் இருக்கிறது. வவுனியாவில் ஆயிரம் கதைக்கலாம். அதில் இல்லாத எதுவும் சோலங்கில் கிடைக்காது. "அது டெல்லியில்தான் போடுவார்கள்" என்று சொன்னால், டெல்லி போட்ட பிறகு மிச்சக் காசைத் தருகிறோம் என்று சொல்லுங்கள்.

வந்ததும் கடைக்குப் போனோம். "பனியில் விட்டோம்தானே அக்கா" என்றார் அந்தத் தம்பி. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது வியாபாரப் பதிவுப் பத்திரம். பயண முகவர்கள் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிய வேண்டும், அந்தச் சான்றிதழ் எங்கே என்று இவர் கேட்டதற்குப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறது என்று பதில் வந்தது. நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் முறைப்பாடு சொன்னோம். ஆனால் காரியம் நகர்ந்தது மத்தியஸ்த சபையில்தான். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, செலவும் இல்லை என்றே சொல்லலாம். சபையில் இருந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் குரல் பதிவை இரண்டு தரம் போட்டுக் கேட்டார். பிறகு கடைக்காரரைப் பார்த்து, "தம்பி, இது உம்மட குரல்தானே?" என்று மட்டும் கேட்டார். சறுக்கல் காசை இரண்டு தவணையில் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். முதல் தவணை வந்தது. இரண்டாவது வர வேண்டிய நாள் போய்விட்டது.

அதனால் மறுபடி சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். தைப்பொங்கலுக்குப் பிறகு பலாலியால் போன அந்தக் குழுவில் கனகராயன்குளம், மாங்குளம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களும் இருந்தன. அவர்களும் சறுக்கலுக்குத் தனியாகக் கட்டினவர்கள். உங்களுக்கு வந்த குரல் பதிவுகளை அழித்துவிடாதீர்கள், பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். தனித்தனியாகப் போனால் தவணை சொல்லி இழுப்பார்கள். அடுத்த அமர்வின் திகதி கிடைத்ததும் இங்கேயே போடுகிறேன், ஒன்றாகப் போவோம்.